வல்லினம் விட்ட ஒரே பிழை

தன் கல்யாணப் பத்திரிகையில் ஓர் ஒற்றெழுத்து விட்டுப்போனதற்காக முகூர்த்தத்தையே தள்ளிவைக்கச் சொன்ன மனிதர், எனக்குத் தெரிந்து இந்தப் பூமியில் ஒருவர்தான். 'வாழ்த்தியருளக் கேட்டு கொள்கிறோம்' என்று அச்சாகியிருந்ததாம். நடுவில் ஒரு 'க்' போட்டு, மறுபடி அச்சடித்து, பழைய பத்திரிகை போன வீட்டுக்கெல்லாம் புதுப் பத்திரிகை போய்ச் சேர்ந்த பிறகுதான் தாலி கட்டுவேன் என்று சொல்லிவிட்டாராம். பெண் வீட்டார் மன்னார்குடிப் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பம். அவர்கள் முகூர்த்தத்தை மாற்றவில்லை. மாப்பிள்ளையை மாற்றிவிட்டார்கள்.

பிறகு அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஒருமுறை துணிந்து கேட்டேன். "அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு தம்பி. பத்திரிகை அடிச்சவன்தான் சரியில்லை" என்றார்.

தஞ்சாவூரில் ஒரு சந்துக்குள் இருந்த மாலைப் பத்திரிகையில் நான் உதவி ஆசிரியன். அவர் புரூஃப் ரீடர். புலவர் பட்டம் பெற்றவர், ஆகவே அந்த ஆங்கில வார்த்தையை அவர் காதில் விழாமல்தான் சொல்லுவோம். க, ச, த, ப எங்கே வந்தாலும் அதற்கு முன்னால் ஓர் ஒற்று வருமா வராதா என்று நோண்டிப் பார்க்காமல் விடமாட்டார் என்பதால் ஆபீசில் அவருக்கு 'வல்லினம்' என்று பெயர். இயற்பெயர் ஒன்றும் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒல்லியான உருவம், முழங்கால் தெரியாத எட்டு முழ வேட்டி. சிவப்பு மைப் பேனாவை எப்போதும் காதில் செருகியிருப்பார். மை ஒழுகி ஒழுகி வலது காது மட்டும் சிவந்தே இருக்கும். புதிதாக வருகிறவர்கள் இவர் காதை யாரோ இப்போதுதான் திருகிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைப்பார்கள். திருகுகிற வேலையைச் செய்தவர் அவர்தான். திருகப்பட்ட காதுகள் எங்களுடையவை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் 'வாலிபர் வெட்டி கொலை' என்று ஒரு தலைப்பு வைத்தேன். காகிதத்தைத் தூக்கிக்கொண்டு நேராக என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, இந்த ஆளு சாகலை."

"ஐயா, போலீஸ்லயே சொல்லிட்டாங்களே!"

"'வெட்டி'க்கும் 'கொலை'க்கும் நடுவுல ஒரு 'க்' வந்தாத்தான் அவர் சாவார். அதுவரைக்கும் உசிரு இழுத்துக்கிட்டுத்தான் இருக்கும். பாவம், சீக்கிரம் போடுங்க."

போட்டேன். அதன் பிறகு அந்த வேலையில் இருந்த காலம் முழுவதும், யார் செத்தாலும் முதலில் எனக்கு ஒற்றுத்தான் ஞாபகம் வந்தது. சாபம் என்று இதைத்தான் சொல்வார்கள் போலிருக்கிறது.

அப்போதெல்லாம் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கையால் கோத்துத்தான் பக்கம் கட்டுவார்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு குழி. இவர் போடச் சொல்லும் ஒற்றுகளால் பன்னிரண்டு மணிக்கே 'க்' குழி காலியாகிவிடும். அச்சுக்கூட ஃபோர்மேன் தலையில் கை வைத்துக்கொண்டு வருவார். "சார், 'க்' தீந்துபோச்சு. புலவர் ஐயாவை மிச்ச நியூஸை 'க்' இல்லாமப் பார்க்கச் சொல்லுங்க." வல்லினம் நிதானமாகப் பதில் சொல்லுவார்: "விளம்பரத்துல இருந்து உருவிக்கங்க. காசு குடுத்துத் தப்பாப் போடுறவங்களுக்கு எதுக்கு 'க்'?" அன்றைக்கு ஜவுளிக் கடை விளம்பரம் ஒற்றில்லாமல் வெளிவரும். கடைக்காரர் கவனித்ததே இல்லை.

இந்தச் சமயத்தில்தான் ஆட்சி மாறியது. தமிழின் பெயரைச் சொல்லி ஓட்டுக் கேட்டவர்கள் கோட்டைக்குப் போய்விட்டார்கள். வல்லினத்துக்குத் தலைகால் புரியவில்லை. "இனிமே பாருங்க தம்பி. பஸ்ஸுல, கோர்ட்டுல, தாலுகா ஆபீசுல, எங்கே பார்த்தாலும் ஒற்று வந்துடும்" என்றார். ஊரில் மற்றவர்கள் அரிசி வரும் என்று எதிர்பார்த்தார்கள். இவர் ஒற்று வரும் என்று எதிர்பார்த்தார். இரண்டு தரப்பும் சேர்ந்தே காத்திருந்தன.

முதல் மந்திரி வருகைக்குத் தெற்கு வீதியில் வளைவு வைத்தார்கள். 'தமிழ் காத்த தலைவரை தஞ்சை தரணி வரவேற்கிறது.' வல்லினம் அதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். "தமிழைக் காத்தவருக்கு ரெண்டு 'த்'தைக் காப்பாத்த முடியலையே" என்றார். அதோடு போயிருக்கலாம். பக்கத்துக் கடையில் ஏணியும், ஒரு டப்பா கறுப்பு வண்ணமும் இரவல் வாங்கிக்கொண்டு ஏறிவிட்டார். முதல் 'த்'துக்குப் புள்ளி வைப்பதற்குள் கீழே கட்சிக்காரர்கள் கூடி ஏணியை ஆட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

"யாருய்யா நீ? எந்தக் கட்சி?"

"உங்க கட்சிக்கு ஓட்டுப் போட்டவன்யா!"

"அப்புறம் ஏன்யா தலைவரைக் கிறுக்குறே?"

"தலைவரைக் கிறுக்கலை. தலைவருக்கு அப்புறம் கிறுக்குறேன். ஏணியை ஆட்டாதீங்கய்யா, புள்ளி கோணலாப் போகுது!"

இறக்கி, சட்டையைப் பிடித்து, நகரச் செயலாளரிடம் இழுத்துப்போனார்கள். நல்லவேளை, அந்த மனிதர் பேச்சுப் போட்டிகளில் கோப்பை வாங்கியவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, எல்லா வளைவுகளையும் திருத்தச் சொல்லி உத்தரவு போட்டார். தன் தோளில் கிடந்த கட்சித் துண்டை எடுத்து வல்லினத்துக்குப் போர்த்திவிட்டார். வல்லினம் அந்தத் துண்டைப் பேனா துடைக்க வைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அந்தக் கட்சியின் சுவரொட்டி எல்லாம் அவரிடம் வந்துதான் அச்சுக்குப் போயிற்று. அவர்கள் வருவதைப் பார்த்து எதிர்க்கட்சி வந்தது. பிறகு விவசாயத் தொழிலாளர் சங்கம் வந்தது. மிராசுதார்கள் சங்கமும் வந்தது. யாரிடமும் எதுவும் வாங்கமாட்டார். ஒரு காபி, அதுவும் பாதி.

அந்த வருஷங்களில் தஞ்சாவூர் ஜில்லாவில் நெல் விளைந்ததைவிட நோட்டீஸ் விளைந்ததுதான் அதிகம். கூலி நெல்லை உயர்த்திக் கேட்டுத் தொழிலாளர்கள் ஒரு நோட்டீஸ் போடுவார்கள். தரமுடியாது, வெளியூர் ஆளை இறக்கி அறுப்போம் என்று மிராசுதார்கள் ஒரு நோட்டீஸ் போடுவார்கள். வயலில் கதிர் சாய்ந்தால் வரப்பில் போலீஸ் வண்டி நிற்கும். குடிசை எரிந்த செய்தியோ, வாய்க்காலில் பிணம் கிடந்த செய்தியோ வராத வாரம் குறைவு. அந்தச் செய்திகளுக்குத் தலைப்பு வைக்கிற வேலை எனக்கு.

ஒருநாள் இரண்டு சங்கத்து நோட்டீஸும் ஒரே சமயத்தில் வல்லினத்தின் மேசையில் கிடந்தன. இரண்டையும் ஒரே சிவப்பு மையால் திருத்தி முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இவங்க அவங்களை ஒழிப்போம்கிறாங்க. அவங்க இவங்களை ஒழிப்போம்கிறாங்க. ரெண்டு பேரும் ஒரே இடத்துலதான் தம்பி தப்பு விடுறாங்க."

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

தலைப்பைவிட அவருக்குப் படத்தின் கீழே போடும் வரிகளில்தான் பிடிவாதம் அதிகம். பத்திரிகைகளில் ஒரு வழக்கம் உண்டு. விழாப் படத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இடமிருந்து வலமாகப் பெயர் போடுவோம். பின்னால் நிற்கிறவர்களுக்கு 'மற்றும் பலர்'. வல்லினத்துக்கு இந்த 'மற்றும் பலர்' என்றால் அப்படி ஓர் ஆத்திரம். "படத்துல மூஞ்சி இருந்தா, கீழே பேரு இருக்கணும். பேரு இல்லாத மூஞ்சியைப் போடுறது, எழுவாயை அடிச்சுட்டு வாக்கியத்தைப் போடுற மாதிரி" என்பார். ஆசிரியர் கேட்டுக்கொள்வார். மறுநாள் 'மற்றும் பலர்' வழக்கம்போல் வரும்.

நாகப்பட்டினத்தில் கால்நடைக் கண்காட்சி நடந்தது. எங்கள் பக்கத்தில் எல்லாரும் 'பெரிய பண்ணை' என்று சொல்லும் ஒரு மிராசுதாரின் காளைக்கு முதல் பரிசு. படத்தில் மூன்று பேர்: பெரிய பண்ணை, காளை, காளையின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆள். 'முதல் பரிசு பெற்ற காளை கர்ணன், அதன் உரிமையாளருடன்' என்று ஆசிரியரே எழுதி அனுப்பியிருந்தார். வல்லினம் அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்குப் போனார். நானும் வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே போனேன்.

"கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறவர் பேரு என்னங்க?"

"அவன் பேரு எதுக்குய்யா? மாட்டுக்காரன்."

"மாட்டுக்குப் பேரு போட்டிருக்கீங்களே."

"அது பரிசு வாங்கின மாடுய்யா!"

"வளர்த்தவர் அவருதானே?"

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "புலவரே, இன்னிக்குப் பேப்பர் வரணுமா, வேண்டாமா?"

"வரணும். சரியா வரணும்."

படம் அன்றைக்கு வரவில்லை. வல்லினம் பஸ் ஏறிப் போய், பஸ் அதற்கு மேல் போகாத இடத்தில் இறங்கி நடந்து, மறுநாள் காலை முழங்கால் வரை சேற்றோடு வந்து நின்றார். "பேரு பக்கிரி. என்னைப் பார்த்ததும் கொல்லைப்பக்கமா ஓடிட்டாரு தம்பி. ஜப்திக்கு வந்த அமீனான்னு நினைச்சுட்டாராம். பேரு கேக்கத்தான் வந்தேன்னா நம்ப மாட்டேங்குறாரு. இதுவரைக்கும் அவரை யாரும் பேரு கேட்டதில்லையாம்."

காளை கர்ணனுக்குப் பக்கத்தில் 'திரு. பக்கிரி' அச்சேறினார். பேப்பர் போன சற்றைக்கெல்லாம் பெரிய பண்ணையிடமிருந்து டெலிபோன். ஆசிரியர் ரிசீவரை ஒரு முழம் தள்ளிப் பிடித்திருந்தும் எங்களுக்கெல்லாம் கேட்டது. "என் மாட்டுக்காரனுக்குத் திருவா? நாளைக்கு மாட்டுக்கும் திரு போடுவீங்களாய்யா?"

ஆசிரியர் பல்லைக் கடித்துக்கொண்டு இதை வல்லினத்திடம் சொன்னார். வல்லினம் யோசித்துவிட்டு, "மாட்டுக்கு வேண்டாங்க. அது அஃறிணை" என்றார்.

சில நாள் கழித்துப் பக்கிரியே ஆபீசுக்கு வந்தார். ஒரு பறங்கிக்காயைத் துண்டில் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொல்லி வல்லினம் கையைப் பிடித்து இழுத்துவர வேண்டியிருந்தது. இடுப்பிலிருந்து அந்தப் பேப்பரை எடுத்து விரித்தார்.

"இதுல எதுங்கய்யா நானு?"

வல்லினம் காட்டினார். பக்கிரி அந்த எழுத்துகளின் மேல் விரலை வைத்துக்கொண்டார். எடுக்கவே இல்லை.

"நல்ல பேருங்க உங்களுக்கு. பாருங்க, நடுவுலேயே ஒரு 'க்' இருக்கு" என்றார் வல்லினம்.

"இருக்குங்களா?" என்று பக்கிரி சிரித்தார். விரலை எடுத்தபோது நுனியில் மை ஒட்டியிருந்தது. வல்லினம் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார். நான் உதவி ஆசிரியன் என்பதால் ஒரு தலைப்பைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

அடுத்த தை மாதம் அந்த ஊரில் கூலிச் சண்டை முற்றியது. பெரிய பண்ணை வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார். உள்ளூர்த் தொழிலாளர்கள் கொடியோடு போய் அவர் நெற்களத்தின் முன்னால் நின்றார்கள். காலையில் நின்றுவிட்டு மதியம் கலைந்தார்கள். எங்களுக்குப் படம் எடுத்துத் தரும் ஸ்டூடியோக்காரர் அதை எடுத்துக்கொண்டு வந்தார். ஆசிரியர் 'கூலி உயர்வு கேட்டுக் களத்தின் முன் கூடிய தொழிலாளர்கள்' என்று மட்டும் எழுதியிருந்தார். வல்லினம் படத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். முகம் மலர்ந்துவிட்டது.

"தம்பி, நம்ம பக்கிரி! முன்வரிசையில பாருங்க!"

அன்றைக்குப் பஸ் ஏற வேண்டியிருக்கவில்லை. விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. அவரே சிவப்பு மையில் சேர்த்தார்: 'முன்வரிசையில் இடமிருந்து மூன்றாவதாக நிற்பவர் திரு. பக்கிரி. மற்றவர்களின் பெயர்கள் கிடைக்காமைக்கு வருந்துகிறோம்.' பேப்பரில் அப்படியே வந்தது. அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

படம் எடுத்த அன்று மாலையே பெரிய பண்ணையின் வைக்கோல் போர் எரிந்துபோயிருந்தது. அந்தச் செய்தி எங்களுக்கு வந்தது பேப்பர் வெளியான பிறகுதான்.

யார் கொளுத்தினார்கள் என்று யாருக்கும் தெரியாது. பெரிய பண்ணைக்கு மட்டும் தெரிந்திருந்தது. எங்கள் பேப்பரில் அந்தப் படத்தைக் கத்தரித்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொடுத்தனுப்பினார். அத்தனை பேர் நின்ற படத்தில் பெயர் இருந்தது ஒருவருக்குத்தான். அந்த ஒருவரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். பக்கிரியின் மனைவி கைக்குழந்தையோடு சப்-ஜெயில் வாசலில் உட்கார்ந்திருக்கிறாள் என்று எங்கள் நிருபர் வந்து சொன்னார்.

பக்கிரி தரப்பு வக்கீல் எங்கள் ஆபீசுக்கே வந்து புலம்பினார். "பண்ணைப் பக்கத்துச் சாட்சி ரெண்டு பேரும் அவர் சம்பளக்காரங்க. முன்விரோதம்னு சொல்லி உடைச்சுடுவேன். உங்க பேப்பரை எப்படிங்க உடைக்கிறது? வெளியாள் சாட்சியாச்சே அது. களத்துல நின்னான்னு ஆயிட்டா, போரைக் கொளுத்தினான்னும் ஆயிடும். ரெண்டு வருஷத்துக்குக் குறையாது."

வக்கீல் போனபின் வல்லினம் அந்தப் பேப்பரை மேசையில் விரித்துக்கொண்டார். பேனாவை எடுத்து, எழுத்து எழுத்தாக அந்த வரிகளைப் படித்தார். மறுபடி படித்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஒரு பிழைகூட இல்லை தம்பி. ஒற்று சரி, பேரு சரி, இடம் வலம் எல்லாம் சரி." குரல் உடைந்தது. "எங்கேயாவது ஒண்ணு தப்பாப் போயிருந்தா அந்த மனுசன் வீட்டுல இருந்திருப்பாரு."

அன்றைய பேப்பரில் 'விலை உயர்வை கண்டித்து ஊர்வலம்' என்று ஒரு தலைப்பு ஒற்றில்லாமல் அவர் கையைத் தாண்டி அச்சுக்குப் போயிற்று. ஃபோர்மேன் மூச்சிரைக்க ஓடிவந்தார். "சார், புலவர் ஐயாவுக்கு உடம்புக்கு என்ன?"

வழக்கு விசாரணைக்கு வந்தது. அந்த வரிகளை எழுதியவர் என்ற முறையில் போலீஸ் தரப்புச் சாட்சியாக வல்லினத்துக்குச் சம்மன். போலீஸ் நெகடிவைக் கேட்டபோது ஸ்டூடியோக்காரர், கூரை ஒழுகிப் பாழாகிவிட்டது என்று கையை விரித்துவிட்டிருந்தார். ஒழுகியதா, ஒழுகவைத்தாரா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஆக, இருந்தது பேப்பரில் வந்த படம் மட்டும்தான்.

நான் செய்தி எழுதுகிற சாக்கில் போய் உட்கார்ந்தேன். கோர்ட்டுக் குமாஸ்தா எழுந்து, 'குற்ற பத்திரிகை' என்று ஒற்றை விழுங்கிவிட்டு வாசிக்கத் தொடங்கினார். நான் வல்லினத்தைத் திரும்பிப் பார்த்தேன். கோர்ட்டில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள், ஊருக்கே தெரிந்த விஷயமாயிற்றே. அவர் வாயைத் திறக்கவில்லை. கூண்டில் ஏறினார், சத்தியப் பிரமாணம் செய்தார்.

போலீஸ் தரப்பு வக்கீல் பேப்பரை நீட்டினார். "இந்த வரி நீங்க எழுதினதுதானே?"

"ஆமாங்க."

"மூணாவதா நிக்கிறது, அதோ கூண்டுல நிக்கிறானே, அந்தப் பக்கிரிதானே?"

"இல்லைங்க."

"இல்லையா? பேரு போட்டிருக்கீங்களே?"

"பிழைங்க அது."

"என்னது?"

"பிழை. வேற யாரோ. பழைய மாட்டுப் படத்துல பார்த்த மூஞ்சி மனசுல இருந்துது. விசாரிக்காம எழுதிட்டேன். என் பிழை."

மாஜிஸ்திரேட் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு அவரைப் பார்த்தார். "என் பொண்ணு கல்யாணப் பத்திரிகையை மூணு தடவை திருப்பி அனுப்பினவர் நீங்கதானே? உங்களுக்கு அச்சுல தப்பு வருமா?"

"வந்துடுச்சுங்க, ஐயா."

மாஜிஸ்திரேட் பூதக் கண்ணாடி கேட்டு வாங்கிப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தார். எங்கள் பேப்பர் படங்களை நான் அறிவேன். எத்தனை உற்றுப் பார்த்தாலும் கறுப்புப் பொட்டுகள்தான் தெரியும். கண்ணாடியை வைத்துவிட்டு நெடுநேரம் வல்லினத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நம்பினாரா, நம்ப முடிவு செய்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பக்கிரி விடுதலையானார்.

வெளியே வேப்பமரத்தடியில் பக்கிரி வந்து கும்பிட்டார். முகத்தில் சந்தோஷம் இல்லை, ஒரு குழப்பம்தான் இருந்தது.

"ஐயா, அது நான்தானுங்களே. நான்தான் அங்கே நின்னேன்."

"தெரியுங்க" என்றார் வல்லினம்.

"அப்போ... முதல்ல அந்த மாட்டுப் படத்துல போட்டீங்களே, அந்தப் பேரு?"

வல்லினம் அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "அது சரி. அதுல ஒரு தப்பும் கிடையாது. எவன் வந்து கேட்டாலும் சொல்லுங்க, அது சரி."

பேப்பரில் திருத்தம் போட்டாக வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். வல்லினமே எழுதினார்: 'நெற்களப் படத்தின் கீழ்த் திரு. பக்கிரியின் பெயர் தவறாக இடம்பெற்றுவிட்டது. தவற்றுக்கு வருந்துகிறோம்.' எழுதி என்னிடம் நீட்டினார்.

"ஐயா, இது..." என்று இழுத்தேன்.

"இலக்கணப்படி சரியா இருக்கான்னு பாருங்க. உண்மையான்னு உங்களை நான் கேக்கலை."

இலக்கணப்படி சரியாக இருந்தது.

மாதக் கடைசியில் முதலாளி அவரைக் கூப்பிட்டனுப்பினார். "தப்பு விட்டேன்னு கோர்ட்டுல சொன்ன ஆளை வச்சுக்கிட்டு நான் எப்படிய்யா பேப்பர் நடத்துறது?" என்றார். "நியாயமான கேள்விங்க" என்று சொல்லிவிட்டு வல்லினம் பேனாவைக் காதிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். ஃபோர்மேன் அச்சுக்கூட வாசலில் நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். 'க்' குழி அதன் பிறகு ஒருநாளும் காலியாகவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? "வல்லினமே தப்பு விட்டுட்டாருப்பா" என்று டீக்கடைகளில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அச்சகக்காரர்களுக்கு ரொம்ப வசதியாகப் போயிற்று. எந்தப் பிழையைக் காட்டினாலும், "அவரே விடலையா?" என்றார்கள். சுவரொட்டியோடு அவர் வாசலில் நின்ற கட்சிகள் எல்லாம் ஒன்றொன்றாக வருவதை நிறுத்திக்கொண்டன. சுவர்களிலிருந்து ஒற்று உதிர்ந்தது. அவர் குடையை ஊன்றிக்கொண்டு தெருவில் போவார், பார்வை தரையிலேயே இருக்கும். சுவர்களைப் பார்க்கமாட்டார். ஒரு மனிதர் ஊரில் வாழ்ந்துகொண்டே ஊரை விட்டுப் போய்விட முடியும் என்று அவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். எனக்கு அந்த ஊர்மேல் வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

பக்கிரிக்குப் பெரிய பண்ணையிலோ சுற்று வட்டாரத்திலோ யாரும் வேலை தரவில்லை. குடும்பத்தோடு கோடியக்கரைப் பக்கம் உப்பளத்துக்குப் போய்விட்டார். பொங்கலுக்கு ஒரு மூட்டை உப்போடு வல்லினத்தின் அறைக்கு வருவார். தனிக்கட்டைக்கு எதற்கு ஒரு மூட்டை உப்பு? தெருவில் எல்லார் வீட்டுக்கும் அந்த உப்புத்தான் போகும். என் வீட்டுக்கும் வந்திருக்கிறது. ஓர் ஐப்பசி அடைமழையில் வல்லினம் போய்ச் சேர்ந்தார். எங்கள் பேப்பர் அதற்குள் மூடப்பட்டிருந்தது. மற்ற பேப்பர்களில் செய்தி வரவில்லை.

இந்தக் கட்டுரையோடு போட அவர் படம் ஒன்று வேண்டும் என்று இந்த வாரப் பத்திரிகைக்காரர்கள் கேட்டார்கள். தேடியதில் எங்கள் ஆபீஸ் ஆண்டு விழாவில் எடுத்த குரூப் போட்டோ கிடைத்தது. முதலாளியின் காலடியில் ஒரு கரும்பலகை, அதில் யாரோ சாக்பீசால் 'ஆண்டு விழா குழு படம்' என்று எழுதியிருக்கிறார்கள். எல்லாரும் காமிராவைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் பின்வரிசையிலிருந்து எட்டிக் குனிந்து அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். முகம் தெரியவில்லை. உச்சந்தலையும், ஒரு காதில் செருகிய பேனாவும்தான் தெரிகின்றன. இதில் யாரை அவர் என்று போடுவது, நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்டார்கள். விரலை வைத்துக் காட்டினேன். நிற்பவர்களில் இடமிருந்து நான்காவதாக இருப்பவர் திரு. ரெ. சிவக்கொழுந்து. எந்தக் கோர்ட்டில் கூப்பிட்டுக் கேட்டாலும் சொல்லுவேன், அது அவர்தான்.